மேல்நாட்டு ரகசிய ஞானத்தின் வயது

மந்திரம், ஜோசியம், ஆவி, அற்புதம் முதலியவற்றைக் குறித்து நாம் ஏதாவது கேள்வி கேட்டால், படிக்காதவர்கள் சொல்லுகின்ற சமாதானம் ஒன்று. படித்தவர்கள் சொல்லுகின்ற சமாதானம் வேறு. படிக்காதவர், "எங்கள் பாட்டன் நம்பினான், நானும் நம்புகிறேன்" என்று சொல்லி நிறுத்திக் கொள்ளுகிறார். அவரிடத்தில் சூது ஒன்றும் இல்லை. ஆனால் பட்டம் பெற்ற கனவானோ அப்படிச் சொல்ல வெட்கப்பட்டுக் கொண்டு, "ஐயா, ரயிலையும் தந்தியையும் கண்டுபிடித்த மேல்நாட்டாரே ரகசிய ஞானம் என்று ஒன்று உண்டென்பதை ஒப்புக் கொண்டிருக்கிறார்கள், அவர்களில் பெரிய அறிவாளிகளெல்லாம் அதில் ஈடுபட்டிருக்கிறார்கள், அது எகிப்து தேசத்திலிருந்து ஆயிரக்கணக்கான வருஷங்களாக வழிவழியாய் வந்தது, நீர் அதைக் கேலி செய்ய உமக்கு என்ன யோக்கியதை?" என்று நம்மை மடக்கப் பார்க்கிறார்.

இந்தக் கேள்விக்குக் கோபித்துக் கொள்ளாமல் பதில் சொல்லுவதே முறை என்று நாம் நினைக்கிறோம். மேல்நாட்டில் அப்படி ஒரு ரகசிய ஞானப் பரம்பரை உண்டு என்பதும், அதில் அறிவாளிகள் பலர் ஈடுபட்டார்கள் என்பதும் உண்மையே. ஆனால் அந்த ஞானத்தின் சரித்திரத்தைப் படித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு வேடிக்கை விளங்கும். அதாவது, அந்த ஞானம் எவ்வளவு பழமையானது என்று சொல்லிக் கொண்டதோ, அந்த வயதை யாராவது ஒருவர் பரிசோதித்த போதெல்லாம் அது பொய் வயதாகவே முடிந்திருக்கிறது. அப்படிப் பரிசோதித்தவர்களும் மேல்நாட்டாரே. நமது பட்டதாரிக் கனவான்கள் முதற்பாதியை மாத்திரம் நமக்குச் சொல்லி, பிற்பாதியை விட்டுவிடுகிறார்கள். ஆதலால் அந்தப் பிற்பாதியையும் சேர்த்து இன்று எழுதத் துணிந்தோம்.

சுமார் 1460ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்து பிளாரன்ஸ் நகரத்துக்கு மாசிடோனியாவிலிருந்து ஒரு துறவி ஒரு கிரேக்க ஏட்டுப் பிரதியைக் கொண்டு வந்தார். அந்நகரத்தை நடைமுறையில் ஆண்டு வந்த பெருந்தனக்காரர் கோசிமோ டி மெடிசி என்பவர், தம் பண்டிதராகிய மார்சிலியோ பிசினோவிடம் பிளேட்டோவின் நூல்களை மொழிபெயர்க்கும்படி அப்போது சொல்லியிருந்தார். இந்தப் பிரதி வந்து சேர்ந்தவுடன், "பிளேட்டோவைத் தள்ளி வையும், முதலில் இதை மொழிபெயரும்" என்று உத்தரவு போட்டார். ஏன்? இது ஹெர்மீஸ் டிரிஸ்மெஜிஸ்டஸ், அதாவது மும்மடங்கு பெரியவராகிய ஹெர்மீஸ் என்ற எகிப்திய ஞானி எழுதியது என்றும், அவர் மோசேயின் காலத்தவர் என்றும், பிளேட்டோவுக்கே அவர் ஞானபாட்டன் என்றும் அக்காலத்தார் நம்பியிருந்தார்கள். பாட்டன் கிடைத்த பிறகு பேரனைப் படிப்பானேன்? கோசிமோவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. சாகுமுன் படிக்க வேண்டுமென்ற அவசரம். பிசினோ 1463இல் வேலையை முடித்தார். மறு வருஷம் கோசிமோ இறந்தார்.

அந்த மொழிபெயர்ப்பு 1471இல் அச்சேறியது. பல பதிப்புகள் விற்றன. சியன்னா நகரத்துப் பெரிய மாதாகோயிலில் வாசற்படி தாண்டியவுடன் தரையிலே இந்த ஹெர்மீசின் உருவத்தைக் கல்லில் பதித்து, இவர் மோசேயின் காலத்தவர் என்று எழுதியும் வைத்தார்கள். அது 1488ஆம் வருஷத்து வேலை. இன்றும் அங்கே இருக்கிறது. கிறிஸ்தவக் கோயிலுக்குள் எகிப்திய மந்திரவாதிக்கு எப்படி இடம் கிடைத்தது என்று கேட்டால், பழமை என்ற ஒரே அனுமதிச் சீட்டில்தான் கிடைத்தது. அந்தப் புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறது, அது சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்னே, அது எவ்வளவு பழையது என்ற ஒன்றைக் கொண்டே அது சரி என்று தீர்மானமாகிவிட்டது.

அதே காலத்தில் பிக்கோ டெல்லா மிரண்டோலா என்ற இளம் பிரபு, யூதர்களின் ரகசிய ஞானமாகிய கபாலாவையும் இதனோடு சேர்த்தார். 1486இல் 900 பிரேரணைகளை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் வந்து வாதாடலாம் என்று அழைத்தார், போப்பு தடுத்துவிட்டார். இந்தக் கபாலாவின் முக்கிய நூலுக்கு ஸோஹர் என்று பெயர். அது கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தில் இருந்த சிமியோன் என்ற பெரியார் அருளியது என்று சொல்லப்பட்டு வந்தது. ஆனால் அது வெளியே தலை காட்டியது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்பெயின் தேசத்தில், மோசஸ் டி லியோன் என்பவர் கையிலிருந்துதான்.

இதைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. மோசஸ் டி லியோன் 1305இல் இறந்த பின், பாலஸ்தீனத்திலிருந்து வந்த ஐசக் என்ற யூத அறிஞர் இந்த நூலின் மூலப் பிரதி எங்கே என்று விசாரித்தார். அவர் கேள்விப்பட்டதாக எழுதியது இது. ஒரு பணக்காரர், மோசஸின் மனைவிக்கு ஆசை காட்டி, மூலப் பிரதியைத் தரும்படி கேட்கச் செய்தார். அந்த அம்மாள், அப்படி ஒரு மூலப் பிரதியே கிடையாது, என் புருஷர் தம் மூளையிலிருந்தே எழுதினார் என்று சொல்லிவிட்டார். உங்கள் பெயரிலேயே எழுதினால் என்ன என்று தாம் கேட்டதற்கு, என் சொந்தச் சரக்கு என்று தெரிந்தால் எவனும் ஒரு காசு தரமாட்டான், பழைய பெரியவர் பெயரில் இருந்தால்தான் நல்ல விலை கிடைக்கும் என்று அவர் சொன்னாராம். இது கேள்விச் செய்தி என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இந்நூலை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலெம் என்ற யூதப் பேராசிரியர், அதன் பாஷையிலுள்ள பிழைகளையும், ஸ்பானிஷ் வாடையையும் எடுத்துக் காட்டி, அதில் பெரும்பகுதி அந்த மோசஸ் டி லியோனின் வேலையே என்று 1941இல் தீர்மானித்தார். பிறகு வந்தவர்கள், அவர் ஒருவர் அல்ல, அவரைச் சேர்ந்த ஒரு கூட்டமே எழுதியிருக்கலாம் என்கிறார்கள். எப்படியானாலும் வயது ஆயிரம் வருஷத்திற்கு மேல் குறைந்துவிட்டது. அந்த அம்மாள் சொன்னதாகச் சொல்லப்படும் அந்த ஒரு வாக்கியத்தில், ரகசிய ஞான வியாபாரத்தின் சூத்திரம் முழுவதும் அடங்கியிருப்பதாகவே நாம் கருதுகிறோம்.

நிற்க. எகிப்திய ஹெர்மீசின் கதி என்னாயிற்று என்று பார்ப்போம். ஜியார்டனோ புருனோ என்ற இத்தாலியர் அந்த எகிப்திய ஞானத்தைப் பெரிதாகக் கொண்டாடியவர். உலகங்கள் கணக்கற்றவை என்றும் சொன்னவர். அவரைப் பிடித்து எட்டு வருஷம் சிறையில் வைத்திருந்து, 1600ஆம் வருஷம் பிப்ரவரி 17ஆந் தேதி ரோமாபுரிச் சந்தை வெளியில் பாதிரிமார்கள் உயிரோடு கொளுத்தினார்கள். இதை எதற்காகச் சொல்லுகிறோம் என்றால், ரகசிய ஞானத்தை மதம் எதிர்த்தது என்பதால் மதம் பகுத்தறிவுக்குச் சிநேகிதன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கொளுத்தியவர்களும் அந்தப் புத்தகத்தின் வயதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அல்லர். ஒரு கடையின் சரக்கை அடுத்த கடைக்காரன் அடித்து நொறுக்கினானே தவிர, சரக்கு நல்லதா கெட்டதா என்று தராசில் வைத்துப் பார்க்கவில்லை. நெருப்பால் ஒரு மனிதனைச் சாம்பலாக்க முடிந்தது. அவன் நம்பிய புத்தகத்தில் ஓர் எழுத்தையாவது பொய்யென்று ருசுப்படுத்த முடியவில்லை.

அதற்குச் சரியாக 14 வருஷம் கழித்து, 1614இல், ஐசக் கசாபன் என்ற கிரேக்க பாஷைப் பண்டிதர் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் மதக்கொடுமையால் நாடு விட்டோடிய குடும்பத்தில் 1559இல் ஜெனிவாவில் பிறந்தவர். வேறொரு பெரிய சபைச் சரித்திர நூலைக் கண்டிப்பதற்காக எழுதிய அந்தப் புத்தகத்தில், போகிற போக்கில் ஹெர்மீசையும் எடுத்துப் பார்த்தார்.

அவர் பார்த்த விதம் நமது கோர்ட்டுகளில் கெட்டிக்கார வக்கீல் பத்திரம் பார்க்கும் விதமேயாகும். ஒருவன் தன் பாட்டன் காலத்துக் கிரயப் பத்திரம் என்று ஒன்றைத் தாக்கல் செய்கிறான். எழுத்து மங்கியிருக்கிறது, காகிதம் பழுத்திருக்கிறது, ஊரார் எல்லோரும் பழையது என்கிறார்கள். வக்கீல் அதைத் திருப்பி முத்திரைக் காகிதம் விற்ற தேதியைப் பார்க்கிறார். அது பாட்டன் செத்து இருபது வருஷத்திற்குப் பின்னால் இருக்கிறது. வழக்கு அங்கேயே முடிந்தது. கசாபன் செய்ததும் இதுதான். மோசே காலத்து எகிப்தியர் எழுதிய நூலில், அவருக்கு எவ்வளவோ நூற்றாண்டு பின்னால் பிறந்த பிடியாஸ் என்ற கிரேக்கச் சிற்பியின் பெயர் எப்படி வந்தது? எகிப்து பாஷையிலிருந்து மொழிபெயர்த்தது என்றால், கிரேக்கத்தில் மாத்திரமே பொருந்துகிற சிலேடைகள் எப்படி வந்தன? பழைய கிரேக்கர்களே அறியாத பிற்காலத்துச் சொற்கள் எப்படி வந்தன? பிளேட்டோவுக்கு ஞானபாட்டன் என்றால், பிளேட்டோவின் கருத்துகளை இவர் எப்படித் திருப்பிச் சொல்லுகிறார்? இவ்வளவுதான் அவர் கேட்டது. கத்தி இல்லை, நெருப்பு இல்லை, போப்பின் கட்டளை இல்லை. அகராதி ஒன்றுதான் ஆயுதம். அந்த வருஷமே கசாபன் இறந்து போனார். ஆனால் மோசே காலத்து ஞானி அதற்குப் பிறகு அறிஞர் உலகத்தில் மெள்ள மெள்ளச் செல்லாத நாணயமாகிவிட்டார். அந்த நூல்கள் கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பதே இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் கொள்கை.

கசாபனும் எல்லாவற்றிலும் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. அவற்றைக் கிறிஸ்தவர்கள் கட்டிய பொய் நூல் என்று அவர் நினைத்தார். 1945இல் எகிப்தில் நாக் ஹம்மாடி என்ற இடத்தில் ஒரு ஜாடிக்குள் பழைய காப்டிக் ஏடுகள் அகப்பட்டன; அவற்றில் ஹெர்மீஸ் நூல்களும் இருந்தன. அதன் பிறகு, இவற்றில் எகிப்தியரின் சொந்தக் கருத்துகளும் கலந்திருக்கின்றன என்று அறிஞர்கள் ஒப்புக் கொண்டார்கள். பகுத்தறிவுக்காரன் சொன்னதிலும் தவறு இருந்தால் திருத்திக் கொள்ள வேண்டியதுதான். திருத்தத்திற்கு இடம் இருக்கிறது என்பதே அந்த வழிக்குள்ள பெருமை. வேதம் என்று சொன்னால் திருத்துவது எங்கே?

இதில் இன்னொரு அதிசயம் கவனிக்கத் தக்கது. எந்த 1614ஆம் வருஷத்தில் ஒரு பொய் வயது உடைந்ததோ, அதே 1614இல் ஜெர்மனியில் காசல் நகரத்தில் இன்னொரு பொய் வயது அச்சாகி வெளிவந்தது. அது ரோசாச் சிலுவைச் சகோதரர்கள் என்ற ரகசியக் கூட்டத்தின் அறிக்கை. 1378இல் பிறந்த கிறிஸ்டியன் ரோசன்குரூட்ஸ் என்பவர் அராபிய தேசங்களில் ஞானம் பெற்று, 106 வருஷம் வாழ்ந்து, ஒரு ரகசியக் கல்லறையில் அடங்கினாராம். 120 வருஷம் கழித்து அதைத் திறந்தபோது உடம்பு கெடாமல் இருந்ததாம். அடுத்த இரண்டு வருஷங்களில் இன்னும் இரண்டு நூல்கள் வந்தன. ஐரோப்பா முழுவதும் அந்தச் சகோதரர்களைத் தேடியது. அவர்களோடு சேர ஆசைப்பட்டுப் பலர் விண்ணப்பங்களை அச்சிட்டு வெளியிட்டார்கள். அனுப்புவதற்கு விலாசம்தான் கிடைக்கவில்லை. மூன்றாவது நூலை எழுதியவர் யோகான் வாலன்டின் ஆண்ட்ரியே என்ற பாதிரியார். அவர் பிற்காலத்தில் அதைத் தம் இளம்பிராயத்து விளையாட்டு என்று சொன்னார். ஆனால் விளையாட்டாக எழுதியவர் விட்டுவிட்டாலும் நம்பியவர்கள் விடவில்லை. இன்றைக்கும் அந்தப் பெயரை வைத்துக் கொண்டிருக்கிற சங்கங்கள் உண்டு. எழுதியவனே விளையாட்டு என்ற பிறகும் நம்புகிறவனை என்ன செய்வது?

பிறகு 1781க்கு வாருங்கள். பாரிஸ் நகரத்தில் கூர் டி ஜெபலன் என்ற பாதிரி, சிலர் டாரட் என்ற சீட்டு விளையாடுவதைப் பார்த்தார். பார்த்தவுடனே, "ஆகா, இது எகிப்தியரின் ரகசிய வேதமல்லவா! சீட்டு வேஷத்தில் தப்பி வந்திருக்கிறது!" என்று கண்டுபிடித்துப் பெரிய புத்தகத்தில் எழுதிவிட்டார். டாரட் என்ற சொல்லையே எகிப்தியச் சொல் என்று பிரித்து அர்த்தமும் சொன்னார். தோழர்களே, அந்த 1781இல் எகிப்து எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் பூமியில் ஒருவன்கூடக் கிடையாது! ஷாம்போலியன் என்ற பிரெஞ்சுக்காரர் 1822இல்தான் அந்த எழுத்துகளைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். படித்துப் பார்த்த கல்வெட்டுகளில் டாரட்டும் இல்லை, சீட்டும் இல்லை. அந்தச் சீட்டு 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிரபுக்கள் பொழுதுபோக்குக்காக உண்டாக்கிய விளையாட்டு என்பதை, மைக்கேல் டம்மெட் என்ற ஆக்ஸ்போர்டு தத்துவ ஆசிரியர் 1980இல் ஒரு பெரிய நூலில் விவரமாகக் காட்டினார். ஆனாலும் இன்றும் அந்தச் சீட்டை விரித்துக் கல்யாணமும் உத்தியோகமும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள்; காசு கொடுத்துக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அதே பாரிசில் அக்காலத்தில் மெஸ்மர் என்ற வைத்தியர், மனித உடம்பில் ஒரு காந்த சக்தி ஓடுவதாகவும், அதைத் தாம் செலுத்தி நோய் தீர்ப்பதாகவும் சொல்லிப் பெரும் பேர் சம்பாதித்தார். பெரிய தொட்டியைச் சுற்றிச் சீமான்களும் சீமாட்டிகளும் உட்கார்ந்து, அதிலிருந்து வரும் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக் கொண்டு துடிப்பார்கள். 1784இல் அரசர் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டார். மின்னலை ஆராய்ந்த பிராங்கிளினும், ரசாயனத்தைத் திருத்திய லவாய்சியரும் அதில் இருந்தார்கள். அவர்கள் வாதம் செய்யவில்லை, சோதனை செய்தார்கள். மெஸ்மரின் சீடர் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மாத்திரம் காந்த சக்தி ஏற்றினார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு மரமாகக் கட்டிப் பிடிக்கச் செய்தார்கள். நாலாவது மரத்தில் பையன் மூர்ச்சையாகி விழுந்தான். சக்தி ஏற்றிய மரமோ வேறு! ஒரு பெண்மணி சாதாரணத் தண்ணீரைக் குடித்துத் துடித்தார். சக்தி ஏற்றியதைக் கொடுத்தபோது அமைதியாகக் குடித்தார். ஆகவே, எண்ணம் இருந்தால் காந்தம் இல்லாமலே உடம்பு துடிக்கிறது, எண்ணம் இல்லாவிட்டால் காந்தம் ஏற்றியும் ஒன்றும் நடப்பதில்லை என்று கமிட்டி தீர்ப்புச் சொன்னது. கண்ணைக் கட்டுவது என்ற இந்த எளிய உபாயத்தை நம் வாசகர்கள் மறக்கக் கூடாது. மருந்தின் குணத்தை அறிய இன்றும் வைத்திய சாஸ்திரம் கையாளும் முறை இதன் வழி வந்ததேயாகும்.

1848இல் அமெரிக்காவில் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் பாக்ஸ் என்ற குடும்பத்துச் சிறுமிகள் இருவர், இறந்தவர்களின் ஆவி தட்டித் தட்டிப் பேசுவதாகக் காட்டினார்கள். ஆவியுலக மதம் ஒன்றே எழுந்துவிட்டது. 40 வருஷம் கழித்து 1888இல், மூத்தவளாகிய மார்கரெட் நியூயார்க்கில் பெருங்கூட்டத்துக்கு முன் மேடையேறி, அந்தச் சத்தம் தன் கால்விரல் மூட்டைச் சொடுக்கியது என்று செய்து காட்டினாள். மறு வருஷம் அதை மாற்றிச் சொன்னாள் என்பதும் உண்மை. ஆனால் மூட்டின் சத்தத்தைக் காதால் கேட்டவர்கள் கேட்டவர்கள்தானே! இதற்கிடையில் 1853இல் மேஜை தானாக நகர்கிறது என்ற பைத்தியம் இங்கிலாந்தில் பரவியபோது, புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகி, பிறகு மின்சார சாஸ்திரத்தின் தந்தைகளில் ஒருவரான பாரடே, கைகளுக்கும் மேஜைக்கும் நடுவில் உருளைகள் வைத்த பலகையையும், அது நகர்ந்தால் காட்டும் ஒரு முள்ளையும் அமைத்தார். தள்ளுவது கையே என்பதை முள் காட்டியது. முள்ளைப் பார்த்துக் கொண்டே கையை வைத்தவர்களுக்கு மேஜை அசைய மறுத்துவிட்டது. அவர்கள் யோக்கியர்கள்தான், தாங்கள் தள்ளுவது தங்களுக்கே தெரியவில்லை. ஆதலால் யோக்கியர் சாட்சி சொல்லுகிறார் என்பது மாத்திரம் போதாது.

இந்தப் பரம்பரையின் ஒரு கிளைதான் கடல் தாண்டி நமது சென்னைக்கும் வந்தது. 1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் ஆல்காட் துரையும் பிரம்மஞான சங்கத்தை ஏற்படுத்தினார்கள். 1879இல் பம்பாய்க்கு வந்து, 1882இல் அடையாற்றில் தோட்டம் வாங்கித் தலைமை ஸ்தானம் ஆக்கினார்கள். ஹெர்மீசின் எகிப்து, கசாபனாலும் ஷாம்போலியனாலும் சோதிக்கப்பட்டு விட்டபடியால், இப்போது ரகசிய ஞானத்தின் இருப்பிடம் திபெத்துக்கு மாற்றப்பட்டது! அங்குள்ள மகாத்மாக்கள் கடிதம் எழுதுவார்கள் என்றும், அது கூரையிலிருந்தும் அலமாரியிலிருந்தும் விழும் என்றும் சொல்லப்பட்டது. அந்தக் கடிதங்களில் ஒன்று 1881இல் ஒரு புத்தகத்தில் அச்சாயிற்று. 1883இல் ஹென்றி கிடில் என்ற அமெரிக்கர், அதில் உள்ள சில வாக்கியங்கள் தாம் 1880இல் பேசிய பிரசங்கத்தில் உள்ளவை என்று எழுதினார். ஒப்பிட்டால் ஒத்துத்தான் இருந்தன. ஞானசக்தியால் கடிதம் பதியும்போது சீடனின் கவனக்குறைவால் மேற்கோள் குறி முதலியன விட்டுப் போயிற்று என்று சமாதானம் வந்தது! ஹெர்மீசின் வாயில் பிளேட்டோ வந்தது போலவே மகாத்மாவின் வாயில் கிடில் வந்தார்.

1884இல் அடையாற்றில் முன்பு வேலை பார்த்த கூலோம் என்ற அம்மாள், அற்புதங்களுக்குத் தானே உடந்தையாக இருந்ததாகச் சொல்லிக் கடிதங்களை வெளியிட்டாள். ஆவி ஆராய்ச்சிக்காகவே லண்டனில் அமைந்த சங்கம் ஹாட்ஜ்சன் என்பவரை அனுப்பி விசாரித்து, அவை மோசடியே என்று 1885இல் அறிக்கை வெளியிட்டது. 1986இல் அந்தச் சங்கத்தின் பத்திரிகையிலேயே வெர்னான் ஹாரிசன் என்ற நிபுணர், ஹாட்ஜ்சன் ஒருதலைப்பட்சமாக நடந்தார் என்று கண்டித்து எழுதினார். அதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். ஆனால் கூரையிலிருந்து கடிதம் விழுந்தது என்பவன்தான் ருசு கொடுக்க வேண்டும். விழவில்லை என்பவன் அல்ல. 1888இல் வந்த அம்மையாரின் பெரிய நூலுக்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட ஆதி ஏட்டையும், அது எழுதப்பட்ட ஆதி பாஷையையும், அம்மையார் கூட்டத்துக்கு வெளியே எந்தப் பண்டிதரும் இதுவரை கண்டதில்லை.

அந்தக் கூட்டத்தார் நன்மையே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆல்காட் துரை 1894இல் அடையாற்றில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் வைத்தார். அதை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் ஏழைப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் திபெத்திலிருந்து கடிதம் வரவேண்டியதில்லை.

இங்கே நம்மைச் சேர்ந்தவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அன்னி பெசன்ட் அம்மையார் நாத்திகர் பிராட்லாவோடு சேர்ந்து பகுத்தறிவுப் பிரசாரம் செய்தவர்; கர்ப்பத்தடைப் புத்தகம் வெளியிட்டதற்காக 1877இல் வழக்கு விசாரணைக்கும் அஞ்சாமல் நின்றவர். அப்பேர்ப்பட்டவர் 1889இல் அந்தப் பெரிய நூலைப் படித்துவிட்டுப் பிரம்மஞானத்தில் போய் விழுந்தார். ஆகவே, ஒரு காலத்தில் பகுத்தறிவு பேசினோம் என்பது ஆயுளுக்கும் காப்பாகிவிடாது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விஷயத்திலும் கேள்வி கேட்க வேண்டும். அந்த அம்மையார் உலக குரு என்று எடுத்து வளர்த்த கிருஷ்ணமூர்த்தியோ, தமக்காக ஏற்பட்ட சங்கத்தை 1929இல் ஹாலந்தில் ஆயிரக்கணக்கான பக்தர்கள் முன்பாகவே கலைத்துவிட்டார். தெய்வமாக்கப்பட்டவருக்கு வந்த தெளிவு பக்தர்களில் பலருக்கு வரவில்லை.

இன்னும் சொல்லப் போனால் விரியும். 1888இல் லண்டனில் 'பொன் விடியல்' என்ற மந்திரச் சங்கம் ஒரு ஜெர்மன் அம்மாளின் அனுமதிக் கடிதத்தைக் காட்டி ஆரம்பமாயிற்று. 1900இல் அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரே அந்தக் கடிதங்கள் போலி என்று எழுதிவிட்டார். பிறகு, இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டத் தொழிலிலும் சுங்க உத்தியோகத்திலும் இருந்த ஜெரால்டு கார்டினர், கிறிஸ்துவுக்கு முற்பட்ட சூனியக்கார மதம் இங்கிலாந்தில் ரகசியமாகப் பிழைத்திருந்தது என்று 1954இல் எழுதினார். அது 20ஆம் நூற்றாண்டுச் சரக்கே என்று ரொனால்டு ஹட்டன் என்ற சரித்திர ஆசிரியர் 1999இல் காட்டினார். அந்த மதத்தாரில் பலர் அதை ஒப்புக் கொண்டு, எங்கள் வழி புதியதுதான், எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்கிறார்கள். அப்படிச் சொல்லுகிறவர்களிடம் நமக்கு விரோதம் இல்லை. பொய் வயது சொல்லாத வரையில் அவரவர் விருப்பம் அவரவருக்கு.

"இருக்கட்டும், நியூட்டனே ரகசிய ரசவாதம் செய்தாரே, அதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்று கடைசி அம்பை விடுவார்கள். செய்தார் என்பது முற்றிலும் உண்மை. ரசவாதத்தைப் பற்றி லட்சக்கணக்கான வார்த்தைகள் எழுதிக் குவித்தார். கிரகங்களை இழுக்கும் விதியைக்கூடப் பழங்காலத்து ஞானிகள் அறிந்திருந்தார்கள் என்று தம் குறிப்புகளில் எழுதினார். ஆனால் அந்த ஒரே மனிதர் செய்த இரண்டு வேலைகளின் கதியையும் பாருங்கள். ஒன்றை 1687இல் அச்சிட்டு, கணக்கோடு, யாரும் சரிபார்க்கும்படி ஊரறியக் கொடுத்தார். அந்தக் கணக்கைக் கொண்டு ஹாலி என்பவர், ஒரு வால்நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பி வரும் என்று சொன்னார். நியூட்டன் செத்தார், ஹாலியும் செத்தார், சொன்னபடி 1758இல் நட்சத்திரம் வந்தது. மற்ற வேலையை ரகசியமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்தக் காகிதங்கள் 1936இல் ஏலத்துக்கு வந்தன. பொருளாதார நிபுணர் கெய்ன்ஸ் பலவற்றை வாங்கிப் படித்தார். அவற்றிலிருந்து ஒரு குன்றிமணி தங்கம்கூட யாருக்கும் கிடைக்கவில்லை. மூளை ஒன்று, கை ஒன்று, உழைப்பு ஒன்று. திறந்து வைத்தது உலகத்துக்கு உதவியது. மூடி வைத்தது மக்கிக் கிடந்தது. நியூட்டன் பெரியவர் என்பதற்காக நாம் அவருடைய கணக்கை ஒப்புக் கொள்ளவில்லை. கணக்கு சரியாயிருப்பதால்தான் அவரைப் பெரியவர் என்கிறோம்.

எனவே, இந்த 500 வருஷத்துச் சரித்திரத்திலிருந்து நாம் அறிவது என்ன? ரகசிய ஞானம் என்பதற்கு இரண்டு கால்கள் உண்டு. ஒன்று பழமை, மற்றொன்று ரகசியம். ரகசியம் என்றால் என்ன அர்த்தம்? அறிந்தவன் மேலே, அறியாதவன் கீழே என்று அர்த்தம். படிப்படியாகத் தீட்சை, படிப்படியாகப் பட்டம், படிப்படியாகக் காணிக்கை என்று அர்த்தம். உண்மை என்பது எல்லோருக்கும் பொது என்றால் இந்தப் படிக்கட்டு எதற்கு? பழமை என்றால் என்ன அர்த்தம்? உயிரோடு இருக்கிறவன் கேட்கும் கேள்விக்குச் செத்தவன் பெயரைச் சொல்லித் தப்பித்துக் கொள்ளுவது என்று அர்த்தம். ஒரு பேச்சு, மெய்யாக இருந்தால் நேற்றுப் பிறந்த குழந்தை சொன்னாலும் மெய்தான். பொய்யாக இருந்தால் பதினாயிரம் வருஷம் கிடந்தாலும் பொய்தான். கிடக்கக் கிடக்கப் பொய்க்குத் துரு ஏறுமே தவிர, அது பொன்னாகிவிடுமா?

ஆகவே தோழர்களே, இனி யாராவது உங்களிடம் வந்து, இது மேல்நாட்டாரும் ஒப்புக் கொண்ட ஆதி ஞானம் என்று சொன்னால், நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். அவருடைய நம்பிக்கைக்காக அவரை இழிவு செய்யவும் வேண்டாம். மூன்றே கேள்விகள் கேளுங்கள். இந்தப் பத்திரத்தின் முத்திரைக் காகிதம் எந்த வருஷத்தது? கண்ணைக் கட்டிச் சோதித்தாலும் இது நடக்குமா? இதை எல்லோருக்கும் திறந்து காட்டச் சம்மதமா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், வந்தவர் எந்த நாட்டவரானாலும், சொன்னது புதிதானாலும் பழையதானாலும் தாராளமாக ஒப்புக் கொள்ளுங்கள். நாமும் ஒப்புக் கொள்ளத் தயாராக இருக்கிறோம். பதிலுக்குப் பதிலாகக் கோபம் வந்தால், பத்திரம் எப்படிப்பட்டது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.